மேடையும் வகுப்பறையும்

கலை மனிதனை மாற்றுமா? மாற்றும் என்றால், சமுதாய மாற்றத்தையும் அதில் கலைக்குள்ள பங்கையும் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்தலாமா? நடத்தும் ஆசிரியருக்கு உரிமை எவ்வளவு, எல்லை எது? இவை பள்ளி வாயிலோடு நின்றுவிடும் வினாக்கள் அல்ல. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் எப்படித் திரும்பி வருவார்கள் என்று காத்திருக்கும் ஒவ்வோர் இல்லத்தையும் தொடும் வினாக்கள்.

இதனை எண்ணிப் பார்க்கப் பொருத்தமான இடம் ஒன்று உண்டு. புதுவை நகருக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கும் காலாப்பட்டுதான் அது. 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தோன்றிய புதுவைப் பல்கலைக்கழகம் அங்கே அமைந்தது. அதன் நாடகப் பள்ளிக்குச் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயர் சூட்டப்பட்டது. அதனைத் தொடக்க நாட்களில் உருவாக்கி நடத்தியவர் எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி. ஒரே பள்ளியில் இணைந்த இவ்விரு பெயர்களும் இளையோருக்குக் கலை கற்பிப்பதன் இரு வழிகளை நமக்குக் காட்டுகின்றன.

சுவாமிகள் 1867இல் தூத்துக்குடிப் பகுதியில் பிறந்து, 1922இல் புதுவையில் மறைந்தவர். தமிழ் நாடக மேடைக்கு ஒழுங்கும் இலக்கியச் சுவையும் தந்தவர். பெரியவர்களான நடிகர்களைக் கட்டுப்படுத்துவது அரிதாக இருந்த காலத்தில், சிறுவர்களைக் கொண்டு நாடக சபை நடத்தும் முறை பரவியது. 1918இல் மதுரையில் தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபைக்குச் சுவாமிகளே ஆசிரியர். டி.கே. சண்முகம் அதில் சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு.

அச்சிறுவர்கள் பெற்றோரைப் பிரிந்து வாழ்ந்தார்கள். நூற்றுக்கணக்கான பாடல்களையும் நீண்ட உரையாடல்களையும் நெட்டுருச் செய்தார்கள். அதனால் அவர்களுக்குத் திருத்தமான உச்சரிப்பு வந்தது, நினைவாற்றல் வளர்ந்தது. ஆயின் மேடையில் அவர்கள் பேசிய அறம், வேறொருவர் எழுதித் தந்த அறம். அதனைச் சரி என்றோ தவறு என்றோ எண்ணிப் பார்க்க அவர்களை யாரும் கேட்கவில்லை. பின்னர் அச்சபையில் வளர்ந்த டி.கே.எஸ். சகோதரர்கள் தமக்கெனக் குழு அமைத்து, 1931இல் 'தேசபக்தி' நாடகத்தை நடத்தினார்கள். அன்னியர் ஆட்சியில் அத்தகைய நாடகத்தை மேடையேற்றுவதில் ஆபத்து இருந்தது. அதை அறிந்தே ஏற்றார்கள். சிறு வயதில் பெற்ற பயிற்சி அவர்களுக்குக் குரலைத் தந்தது. எதற்காக அக்குரலை எழுப்புவது என்ற முடிவை அவர்களே எடுக்க வேண்டியிருந்தது. அந்த முடிவை எடுக்கும் ஆற்றலைத்தான் உயர்நிலைப் பள்ளியில் வளர்க்க வேண்டும்.

எப்படி வளர்ப்பது? இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை' என்னும் நாடகம் ஒரு வழியைத் தருகிறது.

நந்தனின் வரலாறு தமிழில் பலமுறை சொல்லப்பட்டது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் சொன்னார். அங்கே நந்தன் இறைவன் கட்டளைப்படி தீயில் புகுந்து, முனிவர் கோலத்துடன் வெளிவருகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அக்கதையைக் கீர்த்தனைகளாக்கினார். அவர் சேக்கிழாரிடம் இல்லாத ஒருவரைக் கதைக்குள் கொண்டுவந்தார். அவர்தாம் நிலக்கிழாரான வேதியர். தில்லைக்குப் போக விடை கேட்ட பண்ணையாளிடம், நாற்பது வேலி நிலத்து வேலையையும் முடித்துவிட்டுப் போ என்கிறார் அவர். பக்திக் கதைக்குள் கூலியும் நிலமும் நுழைந்தன. இந்திரா பார்த்தசாரதியின் நாடகத்திலோ தீ அற்புதம் அன்று. மேலோர் செய்த சூழ்ச்சி. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் குடிசைக்குள் 44 உயிர்கள் எரிந்ததை அறிந்த தலைமுறையின் எழுத்து அது. அந்நிகழ்ச்சியை வைத்தே அவர் 'குருதிப்புனல்' நாவலையும் எழுதினார்.

மூன்று நூல்களிலும் தீ ஒன்றே. பார்க்கும் கண்தான் வேறு. இதனை மாணவர் முன் வைத்து, "வேதியர் ஏன் பிற்காலத்தில் வந்தார்? தீயின் பொருள் ஏன் மாறியது?" என்று கேட்டால் போதும். சமுதாயம் மாறும்போது கதை மாறுவதையும், மாறிய கதை மீண்டும் சமுதாயத்தின் மனச்சான்றைத் தட்டுவதையும் அவர்களே கண்டுகொள்வார்கள். அதை விடுத்து, "இந்நாடகத்தின் நீதி யாது?" என்று கேட்டு விடையையும் கரும்பலகையில் எழுதிப்போட்டால், பழைய பாலசபையின் நெட்டுருவே மிஞ்சும். முழக்கம் புதியதாக இருக்கலாம். ஒப்பிக்கும் பழக்கம் பழையதே.

அப்படியானால் ஆசிரியர் கருத்தே கூறாமல் நடுநிலை வகிக்க வேண்டுமா என்று கேட்கலாம். தீண்டாமை சரியா, தவறா என்பதில் நடுநிலை கிடையாது. அரசியல் சட்டத்தின் பதினேழாம் பிரிவு அதனை ஒழித்துவிட்டது. மனிதநேயம் அதற்கு முன்பே ஒழித்திருக்க வேண்டும். ஆசிரியர் தம் கருத்தை ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் உண்மைகளை முழுமையாகத் தந்து, மறுத்துப் பேசும் மாணவனையும் மதித்துக் கேட்டு, அதன் பின்னரே தம் கருத்தைச் சொல்ல வேண்டும். கேள்விக்கு முன் வரும் விடை, எவ்வளவு உயர்ந்ததாயினும், பிள்ளையின் உள்ளத்தில் வேர் பிடிப்பதில்லை.

இன்னொரு சோதனையும் உண்டு. நந்தனுக்காகக் கண்ணீர் விடுவது எளிது, அவன் பழங்காலத்தவன். நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணுக்குத் தனிக் குவளை வைத்திருக்கிறோமா என்று பிள்ளை கேட்டால்தான் பாடம் தொடங்குகிறது. அக்கேள்வியைப் பெற்றோர் "மரியாதைக் குறைவு" என்று அடக்கினால், பள்ளியில் நடந்தது பயனற்றுப் போகும். தவறு செய்தவரைத் திருத்துவது மரியாதைக்கு எதிரானது அன்று. மரியாதையோடு கேட்கப் பழக்குவதே பெற்றோர் கடமை.

வீட்டின் துணை எவ்வளவு பெரிது என்பதற்கு நம்மிடையே வாழ்ந்து மறைந்த நாகூர் சித்தி ஜுனைதா பேகம் சான்று. 1917இல் பிறந்த அவர் பள்ளியில் படித்தது சில வகுப்புகளே. ஆயினும் 1938இல் 'காதலா கடமையா' என்னும் நாவலை வெளியிட்டார். முஸ்லிம் பெண்கள் தம் பெயரை அச்சில் காண்பதே அரிதாக இருந்த காலம் அது. பட்டம் எதுவும் அவருக்கு இல்லை. படிக்கவும் எழுதவும் ஓர் இல்லம் இடம் கொடுத்தது. அவர் நாவலில் கூறியதைவிட, ஒரு பெண் நாவல் எழுதினார் என்பதே பலருடைய எண்ணத்தை மாற்றியிருக்கும்.

கலை சட்டம் இயற்றாது, கூலியை உயர்த்தாது, பூட்டிய கதவைத் தானே திறக்காது. ஒரு மனிதன் மற்றொருவனின் இடத்தில் சிறிது நேரம் நின்று பார்க்க அது வழி செய்யும். அவ்வாறு நின்று பார்த்த பிள்ளை, கதவைத் திறக்கும் வேலையைப் பின்னர் தானே செய்வான். அதுவரை பொறுமையோடு காத்திருப்பதும், அவன் கேட்கும் கேள்விக்கு முகம் சுளிக்காமல் இருப்பதும் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் உரிய பணி.