காணாத டால்பின்களின் கணக்கு

ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் மோரே ஃபர்த் என்றொரு பெரிய கடல்கழி இருக்கிறது. அங்கே கரையோரமாக வாழும் பாட்டில்மூக்கு டால்பின்கள் 1992இல் 129 இருந்ததாக மதிப்பிட்டார்கள். நிஜ எண்ணிக்கை 110க்கும் 174க்கும் நடுவே எங்கும் இருக்கலாம் என்று பக்கத்திலேயே எழுதியும் வைத்தார்கள். கல்லூரியில் புள்ளியியல் நடத்திப் பிழைத்தவன் நான். இந்த எண்ணில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒன்றுதான்: யார் கண்ணிலும் படாத டால்பின்களும் இதில் அடக்கம். பார்க்காததை இருப்பதாகக் கணக்கில் சேர்க்க ஓர் ஆராய்ச்சியாளருக்கு உரிமை உண்டென்றால், அதே உரிமையை ஒரு பக்தர் கேட்கும்போது மட்டும் நாம் ஏன் சிரிக்கிறோம்?

முதலில் கணக்கு. குரோமார்ட்டி என்ற சிற்றூரில் அபர்டீன் பல்கலைக்கழகத்தின் கள நிலையம் இருக்கிறது. 1989 முதல் படகில் போய் டால்பின்களின் முதுகுத் துடுப்பைப் படமெடுத்து வருகிறார்கள். ஒன்றையொன்று கடித்துக்கொள்வதால் துடுப்பின் பின்விளிம்பில் விழும் வெட்டு ஆயுசுக்கும் மறையாது. அதை வைத்து ஆளை அடையாளம் சொல்லிவிடலாம். முதல் சுற்றில் 40 துடுப்புகள், இரண்டாம் சுற்றிலும் 40, அவற்றில் 20 பழைய ஆட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் சுற்றில் சரிபாதி தெரிந்த முகம் என்றால், முதல் சுற்றில் நாம் பிடித்ததும் மொத்தத்தில் பாதிதான். ஆக மொத்தம் 80. படத்தில் இருப்பதோ 60. மீதி 20 பேர் கருதலால், அதாவது அனுமானத்தால், கிடைத்தவர்கள். (இது வகுப்பில் போடும் கணக்கு. அங்கே நடப்பது இன்னும் சிக்கல். வெட்டே விழாத இளசுகளைத் தனியாக மதிப்பிட்டுச் சேர்க்க வேண்டும்.)

என் மகள் இன்வர்னெஸ்ஸில் இருக்கிறாள். சானன்ரி முனைக்கு என்னைக் கூட்டிப்போனாள். எதிரே ஜார்ஜ் கோட்டை. நடுவில் ஒடுங்கிய நீர்வழி. ஓதம் ஏறும்போது சால்மன் மீன்கள் அந்த இடுக்கு வழியாகத்தான் போகவேண்டும் என்பதால் டால்பின்கள் கரைக்கு வெகு பக்கத்தில் வந்து காத்திருக்கும். நாங்கள் போன அன்று காற்று கடலை வெள்ளை வெள்ளையாகக் கிளப்பிக்கொண்டிருந்தது. பேரன் பொறுமையிழந்து, “டால்பின் இல்ல தாத்தா, போலாம்” என்றான். அந்தக் கடலில் துடுப்பு எழுந்தாலும் அலைக்குள் தெரியாது. கணக்கெடுப்பவர்கள் அப்படிப்பட்ட நாளில் படகையே எடுக்கமாட்டார்கள்.

பேரன் சொன்னதைக் குமாரில பட்டர் ஏற்றிருக்கமாட்டார். மீமாம்சை என்ற தத்துவ மரபைச் சேர்ந்த ஏழாம் நூற்றாண்டு அறிஞரான அவர், இன்மையை அறிவதற்கே ஒரு தனி அளவை, அதாவது அறியும் வழி, உண்டு என்றார். தரையில் குடம் இல்லை என்பதை, குடம் தென்படாததாலேயே அறிகிறோம். மணிமேகலை அடுக்கும் பத்து அளவைகளிலும் அபாவம் என்ற பெயரில் இது இடம்பெறுகிறது; சைவ நூலான சிவஞான சித்தியார் எல்லாவற்றையும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்கிவிடும். எனக்கு முக்கியம் அபாவத்துக்கு மீமாம்சகர்கள் வைத்த நிபந்தனை: இருந்திருந்தால் தென்பட்டிருக்கக்கூடிய பொருளாக அது இருக்கவேண்டும். வெளிச்சமுள்ள அறையில் குடத்தைக் காணோம் என்றால் குடம் இல்லை. இருட்டறையில் அப்படிச் சொல்லமுடியாது. டால்பின் ஆய்வாளர் இதே நிபந்தனையைத்தான் கண்ணில் படுவதற்கான நிகழ்தகவு என்று எண்ணாக எழுதுகிறார்.

எண்ணாக எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மோரே ஃபர்த்திலேயே சாட்சி உண்டு. 1990களில் அந்த டால்பின்கள் தெற்கே பரவி, டே ஆற்றின் முகத்துவாரம், செயின்ட் ஆண்ட்ரூஸ் விரிகுடா என்று போக ஆரம்பித்தன. கழிக்குள் மட்டும் தேடிய ஒருவர், காணாமல் போனவற்றைச் செத்தவை என்று எழுதியிருப்பார். அதே வெட்டுள்ள துடுப்புகள் தெற்கே படத்தில் விழுந்ததால்தான் விஷயம் விளங்கியது. கிழக்குக் கரை முழுவதற்கும் சேர்த்து 2006–07க்குக் கிடைத்த மதிப்பீடு 195.

பாளையங்கோட்டையில் எனக்கொரு பகுத்தறிவாளர் நண்பர் உண்டு. “அண்ணாச்சி, தேடியாச்சு, கடவுள் இல்லை” என்பார். கடவுள் இருந்தால் எந்தத் துறையில், எந்த ஓதத்தில் தலைகாட்டுவார் என்று நான் திருப்பிக் கேட்டால் அவரிடம் பதில் இல்லை. அப்படியானால் அவர் நிற்பது இருட்டறையில். அவர் காட்டும் அபாவம் எடுபடாது. இதைக் கேட்டு என் மனைவிக்கு ஏகச் சந்தோஷம்.

ஆனால் கடவுள் இருக்கிறார் என்ற அவள் கட்சியும் கணக்கில் தேறவில்லை. காணாத 20 டால்பின்கள் நிற்பது, இரண்டு தரம் கண்ட 20 டால்பின்களின் தோளில். மறுபடி கண்டது ஒன்றுகூட இல்லையென்றால் பூஜ்யத்தால் வகுக்கவேண்டி வரும், விடையே கிடையாது. திருச்செந்தூரில் இவள் கண்ணீர்விட்டுக் கண்டதும், வேளாங்கண்ணியில் இன்னொருத்தி மண்டியிட்டுக் கண்டதும் ஒன்றேதானா என்று சொல்ல எந்த வெட்டு, எந்த விளிம்பு இருக்கிறது? ஒன்றுதான் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள் என்றால், அது உரை. உரையை நம்புகிறேன் என்று ஒருவர் சொன்னால் எனக்கு அவரோடு வழக்கில்லை. நானும் திருநீறு பூசுகிறவன்தான். அதையே கருதல் என்று சொல்லி, விஞ்ஞானிகளும் காணாததை நம்புகிறார்களே என்று மேடையில் முழங்கும்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. விஞ்ஞானி தன் எண்ணுக்குப் பக்கத்தில் 110, 174 என்று இரண்டு கரைகளையும் எழுதிக் காட்டுகிறார். மேடையில் முழங்குபவர் ஒரு கரையையும் காட்டுவதில்லை.

ஆகவே என் தீர்ப்பு: நண்பரின் “இல்லை” செல்லாது, மனைவியின் “இருக்கிறார்” கருதலாகச் செல்லாது, காணாத டால்பின்கள் செல்லும்.