நிலத்தடியில் ஒரே கிணறு

அன்புக்கொடி மக்களே, சுவாமிதோப்பு முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒன்றாய் நீர் எடுக்க அய்யா வைகுண்டர் வழிசெய்தார். நம் மூலக்கொத்தளத்தில் வீட்டுக்கு வீடு போர்வெல் இருந்தாலும், நிலத்தடியில் மதில் இல்லை, நீர் ஒன்றே. கடலுக்கருகே அளவுமீறி இறைத்தால் உப்புநீர் உள்ளே வரும்; அது இறைத்தவர் வீட்டோடு நிற்காது.

2015-இல் வெள்ளம், 2019-இல் வறட்சி, இரண்டையும் சென்னை கண்டது. 2003-லேயே மழைநீர் சேமிப்பைச் சட்டம் கட்டாயமாக்கியது. சட்டம் குழி வெட்ட வைக்கும். தூர் வாருவது நம் கை. மண் அடைத்த குழியை விட்டு மழை தெருவில் ஓடி, பள்ளத்து வீட்டுக்குள் நிற்கும். ஆகவே ஐப்பசிக்கு முன்பே, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுத்து, தெருவாய்ச் சேர்ந்து வாருவோம். மேட்டு வீட்டார் முதலில் தொடங்கட்டும். பலன் பள்ளத்து வீட்டுக்குத்தானே என்று கேட்காதிருப்பதே தர்மம்.

அய்யா உண்டு.