அமானிதமும் ஒரு பழைய ஹொண்டாவும்

வாப்பா மௌத்தாகி ஒரு வருஷம் கழிந்த பிறகுதான் அவருடைய ஹொண்டா சீ.டீ. 90 மோட்டார் சைக்கிளின் மீது போர்த்தியிருந்த சீலையை எடுத்தேன். சாய்ந்தமருதிலிருந்து சம்மாந்துறை வட்டைக்கும் கல்முனைச் சந்தைக்கும் ஓயாமல் ஓடிய வண்டி அது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்தபோது முற்றத்தில் நின்ற வண்டி அடுத்த வளவு வேலிக்குள் மண் மூடிக் கிடந்தது. வாப்பா அதைத் தேடியெடுத்து, நல்ல தண்ணீரால் கழுவி, எஞ்சினைப் பிரித்து மறுபடியும் ஓட வைத்தார். எப்படிச் செய்தார், யாரிடம் செய்தார் என்று நான் விசாரிக்கவில்லை. அந்த நாட்களில் விசாரிப்பதற்கு வேறு எவ்வளவோ இருந்தன.

கிக்கரை எத்தனை தரம் உதைத்தும் எஞ்சின் உயிர் பெறவில்லை. எனக்கு இயந்திரம் பற்றிய அறிவு பூச்சியம். ஆகவே நமது கரையோர ஊர்களுள் ஒன்றிலிருந்த கராஜ் ஒன்றில் ஸலாம் சொல்லி ஒப்படைத்தேன். மூன்று கிழமைகளில் வண்டி ஓடத்தக்கதாகத் திரும்பி வந்தது. சொன்ன சல்லியைக் கொடுத்தேன். இரண்டு மாதங்கள் கழித்து, கொழும்பு பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் தேடியபோது, கடைக்காரர் எனது கைத்தொலைபேசிப் படத்தைப் பார்த்து, "இந்தக் காபரேட்டர் ஹொண்டாவோட வந்தது இல்லையே" என்றார். அசலில் 'கெய்ஹின்' என்ற எழுத்து வார்க்கப்பட்டிருக்கும், இதில் அது இல்லை என்றார்.

அந்த நிமிஷம் என் நெஞ்சில் எழுந்தது சல்லி போன கவலையல்ல. ஸலாம் சொல்லி ஒப்படைத்ததை ஒருவன் களவாடி விட்டான் என்ற கொதிப்பு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல் மீண்டும் திறக்கப்படும் வரை, பழைய ஜப்பான் வண்டிகளின் அசல் சாமானுக்கு இருந்த கிராக்கியை எல்லோரும் அறிவர். காரணம் தெளிவாகவே இருப்பதாக எனக்குப் பட்டது. தேநீர்க்கடையிலும் கலியாண வீட்டிலும் அந்தக் கதையைச் சொன்னேன். கராஜின் பெயரையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

நிற்க. எனக்குத் தெரியாத ஒன்றை, அது தெரிந்த ஒருவனின் கையில் கொடுக்கும்போது, நான் உண்மையில் எதைக் கொடுக்கிறேன்? இதுதான் அன்று தொட்டு என்னை அரித்த கேள்வி. வைத்தியரிடமும் சட்டத்தரணியிடமும் இதே நிலைதான். ஆனால் அவர்களுக்குச் சபைகள் உண்டு, பதிவிலக்கம் உண்டு. கராஜ்காரரின் சான்றிதழ் அவரது கறுத்த விரல்கள் மட்டுமே. வண்டி ஓடுகிறதா என்பதை நான் அறிவேன். ஏன் ஓடுகிறது, எதைக் கழற்றி எதைப் போட்டார், அது தேவைதானா என்பதை அவர் மட்டுமே அறிவார்.

பொருளியலாளர் ஜோர்ஜ் அக்கர்லோஃப் 1970இல் இந்த இருட்டைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். பழைய கார்ச் சந்தைதான் அவரது உதாரணம். 2001இல் வேறு இருவருடன் அவர் நோபல் பரிசு பெற்றதற்கு அந்தக் கட்டுரையே பிரதான காரணம். நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய முடியாத வாங்குபவன் நடுத்தர விலைதான் தருவான். அந்த விலை நல்ல பொருள் வைத்திருப்பவனுக்குக் கட்டாது. ஆகவே அவன் சந்தையை விட்டுப் போவான், கெட்டது மிஞ்சும். நமதூர்க் கைவினைஞர்களுக்கும் இது பொருந்தும் என்பது எனது அபிப்பிராயம். எல்லா மெக்கானிக்கையும் கள்ளன் என்று சந்தேகிக்கும் ஊரில் நேர்மையானவனுக்குக் கள்ளனுக்குரிய கூலியும் கள்ளனுக்குரிய மரியாதையும்தான் கிடைக்கும். அவன் கட்டாருக்குப் போய் விடுகிறான்.

நமது முன்னோர்களும் இதை யோசியாமல் விட்டார்களில்லை. மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு ஈரத்தைக் கண்டுபிடித்த சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ஜும்ஆக்களில் பலமுறை கேட்டதுதான். மழை நனைத்தது என்றான் வியாபாரி. நனைந்ததை ஏன் மேலே வைக்கவில்லை என்பதே அவனிடம் கேட்கப்பட்ட கேள்வி. குறை இருந்ததல்ல, அதை மறைத்ததே குற்றம். ஆனால் தானியக் குவியலுக்குள் கை விடலாம். எஞ்சினுக்குள் நான் எப்படிக் கை விடுவது?

இதை விடவும் நெருங்கி வருவது ஃபிக்ஹில் கைவினைஞரின் பொறுப்பு பற்றிய விவாதம். சாயக்காரனிடம் துணியைக் கொடுக்கிறோம், அது அவன் கையில் கெட்டு விடுகிறது. அவன் நட்டஈடு தர வேண்டுமா? மாலிக்கி மத்ஹபினர் பொதுவாகத் தர வேண்டும் என்றனர். மக்களின் உடைமை பாழாகாதிருக்க அதுவே வழி என்பது அவர்களது நியாயம். நாம் பின்பற்றும் இமாம் ஷாஃபிஈ அவர்களைப் பற்றி அவரது மாணவர் ரபீஉ அறிவிக்கும் செய்தி விசித்திரமானது. கைவினைஞன் தானே அத்துமீறிக் கெடுத்தாலன்றி அவன் மீது பொறுப்பில்லை என்பதே இமாமின் உண்மையான கருத்தாம். ஆயினும் கெட்ட வேலைக்காரர்கள் அதைச் சாட்டாக வைத்துக்கொள்வார்கள் என்று அஞ்சி அதை அவர் வெளிப்படையாகச் சொல்லாதிருந்தாராம். ஒரு தீர்ப்பு நியாயமாக இருக்கலாம், ஆனால் அது ஊருக்குள் போய் என்ன செய்யும் என்பதையும் சொல்பவன் பார்க்க வேண்டும் என்றல்லவா இமாம் நினைத்திருக்கிறார்! இதை வாசித்தபோது நான் வெறும் ஆச்சரியப்பட்டதோடு சரி. அது என்னைப் பற்றியதும்தான் என்று தோன்றப் பிந்தி விட்டது.

இரண்டாவது மெக்கானிக்கைக் கண்டுபிடித்த விதத்தையும் சொல்ல வேண்டும். "யார் நல்ல மெக்கானிக்?" என்று கேட்டால் ஆளுக்கொரு மச்சானின் பெயர்தான் வரும். லேத் பட்டறைக்காரர் ஒருவர் வேறொரு கேள்வியைச் சொல்லித் தந்தார்: "மெக்கானிக்மார் தங்கட சொந்த வண்டிய ஆருக்கிட்டக் குடுக்கிறாங்க எண்டு கேளுங்க." கேட்டேன். காரைதீவுப் பக்கம் ஒரு தமிழரைக் காட்டினார்கள். எங்களுக்கும் அந்தப் பக்கத்துக்கும் இடையில் எத்தனை மோசமான வருஷங்கள் கடந்தன என்பதை இங்கே விரிக்கத் தேவையில்லை. ஆனால் தயங்கினேன் என்பதை மறைக்க மாட்டேன். அவரும் என்னைப் பார்த்துத் தயங்கியிருக்கலாம்.

அவர் வண்டியைத் தொடவில்லை. முதலில் கதை கேட்டார். எத்தனை வருஷம் நின்றது, எந்த எண்ணெய், கடைசியாக ஆர் திறந்தது என்றெல்லாம். பிறகுதான் பொயின்டைத் திறந்து காட்டினார். தொடுமுனை இரண்டும் கருகியிருந்தன. கொன்டென்சர் போய் விட்டது என்றார். இடைவெளி 0.3க்கும் 0.4 மில்லிமீற்றருக்கும் இடையில் இருக்க வேண்டும் என்று ஃபீலர் தகட்டை என் கையில் தந்து என்னையே வைத்துப் பார்க்கச் சொன்னார். வால்வுக்கு 0.05. அந்தத் தகடு கடதாசியிலும் மெலிதாக இருந்தது. "போர் அடிக்க வேணுமா?" என்று கேட்டேன், முன்னைய கராஜில் அப்படிச் சொல்லியிருந்ததால். ஹெட்டைக் கழற்றி பிஸ்டனின் மேலிருந்த எண்ணைத் துடைத்துக் காட்டினார். ஏற்கெனவே 0.50 ஓவர்சைஸ். "இன்னும் ரெண்டு தரம்தான் போர் அடிக்கலாம். இப்ப புகை இல்ல, கொம்பிரஷன் இரிக்கி. வீணா ஒண்ட அழிக்கப் போடாது" என்றார். எஞ்சினுக்கும் ஆயுள் கணக்கு உண்டென்றும், அதைச் செலவழிக்கும் உரிமை எனக்கே உரியது என்றும் அவர் எண்ணியதாகத் தெரிந்தது. கழற்றிய சாமான்களை ஒரு ஷொப்பிங் பையில் கட்டித் தந்தார். தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னார். இயல்பாகச் சொன்னார், நமக்குள் பெரிய ஆலிம்களுக்கும் கஷ்டமான காரியம் அது.

அமெரிக்கரான ரொபேர்ட் பேர்சிக் 1974இல் வெளியிட்ட மோட்டார் சைக்கிள் நூலில் ஒரு சம்பவம் வரும். அவரது எஞ்சின் இறுகிப்போன காரணம், எண்ணெய் மேலே போகாதபடி முறிந்து கிடந்த மலிவான ஒரு சிறிய ஊசிதான். கடையிலிருந்த இளைஞர்கள் அதைத் தேடாமலேயே எஞ்சினைக் குதறி விட்டார்கள். அவர்கள் கள்ளர்களல்லர். வேலையில் மனம் இல்லாதவர்கள். அமானிதம் என்றதும் நாம் களவை மட்டுமே நினைக்கிறோம். கவனியாமல் செய்வதும் கியானத்துத்தான் என்பதைக் காரைதீவு மனிதரின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது விளங்கிக்கொண்டேன்.

அப்போதுதான் எனது பழைய கதையை அவரிடமும் எடுத்தேன். காபரேட்டரைக் காட்டி, இன்ன கராஜ் செய்த வேலை என்றேன். அவர் குனிந்து பார்த்தார்.

"இது கெய்ஹின் இல்லத்தான் சேர். ஆனா ஆரு மாத்தின எண்டு என்னால சொல்ல ஏலா. கடல் அடிச்ச வருஷம் உப்புத் தண்ணி குடிச்ச வண்டிகளுக்கு நாங்க எல்லாரும் கிடைச்சதப் போட்டுத்தான் ஓட வெச்சம். அப்ப மாத்தினதாயும் இரிக்கலாம்."

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் கேட்டேன். "அந்த நேரம் வாப்பா கொழும்புக்குப் போய் என்னத்தையோ வாங்கி வந்தார்தான். என்னெண்டு எனக்குத் தெரியா மகன்" என்றார். அதற்கு மேல் இன்று வரை எதுவும் துலங்கவில்லை. அந்தக் கராஜ்காரர் எடுத்தும் இருக்கலாம். எடுக்காமலும் இருக்கலாம்.

சூறா ஹுஜுராத்தின் 12ஆவது வசனம் சந்தேகத்தையும் புறம் பேசுவதையும் ஒரே மூச்சில் தடுக்கிறது. பலரையும் போல எனக்கும் அது மனனம். நான் கண்ணால் காணாத ஒரு களவை எத்தனை பேரிடம் சொன்னேன் என்று எண்ணிப் பார்த்தேன்; கணக்குப் பிடிபடவில்லை. தன் கருத்து ஊருக்குள் போய் என்ன செய்யும் என்று அஞ்சி, சரியென்று நம்பியதையே இமாம் சொல்லாதிருந்தார். எனக்கோ அது சரியா என்றே தெரியாது. ஒரு மனிதனின் பெயர் என் வாயில் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அதை எந்த லேத்தில் கொடுத்துத் திருத்துவது? கதையைக் கேட்டவர்களில் சிலரிடம் போய், எனக்கு நிச்சயமில்லை என்று சொன்னேன். ஒருவர் சிரித்தார். இன்னொருவர், "விடுங்க, அவன் அப்படித்தான்" என்றார். என் சொல்லை நான் திருப்பி எடுத்தாலும் அவர் அதைத் திருப்பித் தருவதாயில்லை.

போன கிழமை அஸருக்குப் பிறகு அந்தக் கராஜின் முன்னால் வண்டியை நிறுத்தினேன். மாப்புக் கேட்கத்தான் போனேன். எதற்கு என்று அவர் கேட்டால் முழுவதையும் சொல்ல வேண்டி வரும், வாய் வரவில்லை. அவர் துணியில் கையைத் துடைத்தபடி வந்து, எஞ்சின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார்.

"நல்லா ஓடுதே. ஆரு காக்கா பாத்த?" என்றார்.

காரைதீவுக்காரரின் பெயரைச் சொன்னேன்.

"அவர் நல்ல மனிசன். என்ட வண்டியையும் அவருக்கிட்டத்தான் குடுக்கிறன்" என்றார்.