குருவைக் காண்பது

குருப்பெயர்ச்சி நாளில் சோழவந்தானை அடுத்த குருவித்துறைக்குப் போய்வந்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. மஞ்சள் வஸ்திரமும் கொண்டைக்கடலை மாலையும் ஏந்திய ஜனங்கள் வைகைக் கரையில் வரிசைகட்டி நிற்க, ஒருவர் நெஞ்சில் மகளின் கல்யாணமும், இன்னொருவர் நெஞ்சில் மகனின் உத்தியோகமும், வேறொருவர் நெஞ்சில் நெடுநாள் வாய்க்காத பிள்ளைப்பேறும் கனத்துக் கிடக்க, அத்தனை பேரும் குரு பகவானின் திருமுகத்தை ஒரு கணமேனும் கண்டுவிடத் துடிக்கிறார்கள். அவ்விதம் கேட்பதில் இழிவு ஒன்றுமில்லை. தம் மைந்தன் கசனை மீட்டுத் தரவேண்டிக் குருவே பெருமாளை நோக்கித் தவம் கிடந்த இடம் அது என்றுதான் தலபுராணமும் சொல்லுகிறது. ஆயினும் என் மனத்தில் நெடுங்காலமாக ஒரு வினா உண்டு. வானத்தில் நிற்கும் அந்த வியாழனையே இரவுதோறும் தொலைநோக்கி வழியே பார்த்து, அதனிடம் யாதொன்றையும் யாசியாமல், கண்டதைக் கண்டவாறே எழுதி வைத்துவிட்டு உறங்கப் போகும் ஒரு மனிதன் செய்வது வழிபாடா, அல்லவா?

இவ்வினா எழும்போதெல்லாம் என் நினைவு சேதுவைக் கடந்து திருகோணமலைக்குப் போய்விடுகிறது. கொழும்பில் 1867-ஆம் ஆண்டு பிறந்து, ஆங்கிலேய ராணுவத்தின் பொறியியல் படையில் அதிகாரியாக இருந்து, 1908-ஆம் ஆண்டின் இறுதியில் திருகோணமலையிலேயே மறைந்த பெர்சி மோல்ஸ்வொர்த், வான நூலை ஜீவனோபாயமாகக் கொண்டவரல்லர். பன்னிரண்டரை அங்குல ஆடி பொருத்திய சொந்தத் தொலைநோக்கி ஒன்றும், அயராத சிரத்தையுமே அவருடைய ஆஸ்தி. 1901-ஆம் ஆண்டு வாக்கில் வியாழன் தனுசு ராசிப் பக்கம் தென்வானில் சஞ்சரித்தது. லண்டன் நகரத்தாருக்கு அது தொடுவானத்திலிருந்து சுமார் 16 பாகைக்கு மேல் எழாமல் புகையிலும் மூட்டத்திலும் கலங்கித் தோன்ற, திருகோணமலையிலோ 58 பாகை உயரத்தில் தெளிந்து நின்றது. மதுரையும் ஏறக்குறைய அதே அட்சரேகையில் இருப்பதால், அவர் கண்ட வானமே நம் மொட்டைமாடியின் வானமும்.

அவர் செய்த வேலை இன்னதென்று சொன்னால் இவ்வளவுதானா என்று தோன்றும். வியாழன் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொள்ளப் பத்து மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவாகவே ஆகிறது. அதன் மேகப் பட்டைகளில் உள்ள ஒரு கரும்புள்ளி விளிம்பில் தோன்றி நடுவை நோக்கி நகர்ந்து வரும்; வட்டைச் சரிபாதியாகப் பிரிக்கும் நடுக்கோட்டை அது தொடும் நிமிஷத்தைக் கடிகாரத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்; பிறகு அடுத்த புள்ளிக்குக் காத்திருக்க வேண்டும். ஒரு நிமிஷம் பிசகினால் அப்புள்ளியின் இடம் அரைப் பாகைக்கு மேல் பிசகிப்போகும். இத்தகைய குறிப்புகளை அவர் ஆயிரக்கணக்கில் எழுதிச் சேர்த்தார். 1901-ஆம் ஆண்டு பிப்ரவரியில், வியாழனின் புகழ்பெற்ற செந்திட்டு இருக்கும் அதே தென் மண்டலத்தில் புதிதாக ஒரு கரிய கலக்கத்தைக் கண்டார். அக்கலக்கம் ஏறத்தாழ 40 ஆண்டுகள் மறையாதிருந்தது. அதைக் கண்டவரோ எட்டாண்டு நிறைவதற்குள் மறைந்துவிட்டார். விதைத்தவன் அறுவடைக்கு இல்லாத வயல் இது. அவர் அதற்காக விதையாமல் இருந்துவிடவில்லை.

அதே திருகோணமலையில் கடலோரப் பாறைமேல் கோணேசர் வீற்றிருக்கிறார். திருஞானசம்பந்தர் கடலைக் கடவாமல் இராமேச்சுரத்தில் இருந்தபடியே அத்தலத்தைத் தொழுது பாடினார் என்பது மரபு. கால் எட்டாத இடத்தைக் கண்ணும் கருத்தும் எட்டுவது நம் பக்திக்குப் புதிதன்று. கோயிலுக்குப் போவதை நாம் ‘சாமி பார்க்கப் போவது’ என்று சொல்லுகிறோம். கேட்கப் போவது என்று ஒருவரும் சொல்லுவதில்லை. தரிசனம் என்ற சொல்லுக்கும் காண்பது என்பதே பொருள்.

ஆனால் காண்பது எளிதன்று. 1877-ஆம் ஆண்டில் மிலான் நகரத்துச் சியாபரெல்லி செவ்வாயின்மேல் மெல்லிய கோடுகளைக் கண்டதாக வரைந்தார். அமெரிக்காவின் லோவெல் அவற்றை அறிவுள்ள உயிர்கள் வெட்டிய கால்வாய்கள் என்றே நம்பி, ஒரு வானாய்வுக்கூடத்தை நிறுவி வாழ்நாளெல்லாம் வரைந்துகொண்டிருந்தார். அவர்கள் பொய்யரல்லர், இரவெல்லாம் கண் விழித்த உத்தமர்கள். எனினும் 1965-ஆம் ஆண்டில் மாரினர் 4 விண்கலம் அருகே சென்று எடுத்த படங்களில் பள்ளங்களும் வெற்று நிலமுமே இருந்தன. கயிற்றில் அரவைக் காண்பது என்று வேதாந்திகள் சொல்லும் அத்தியாசத்துக்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டுமோ? கண் இடைவெளிவிட்டுக் கண்ட புள்ளிகளை ஆசை கோடாக இணைத்துவிட்டது. வியாழனின் புள்ளிகளுக்கு நிமிஷத்தை மட்டும் எழுதிய குறிப்பு நூறாண்டு கடந்தும் நிற்க, விருப்பம் வரைந்த கோடுகள் அழிந்துபோயின. செவ்வாயின் பள்ளங்களுள் ஒன்று இன்று மோல்ஸ்வொர்த்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இந்த உண்மையை நான் நூல்களில் அறிந்ததைவிடக் கைகளால் அறிந்தது அதிகம். ஆறங்குலக் கண்ணாடி வட்டுகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இடையே கார்போரண்டம் பொடியும் தண்ணீரும் இட்டு, மாதக்கணக்கில் மாலைதோறும் மாடியில் உட்கார்ந்து அரைத்திருக்கிறேன். மேல்வட்டு தானாகவே குழிந்து வரும். மெருகேற்றி முடித்தபின், ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறளவு மேடுகூட அப்பரப்பில் இருத்தலாகாது. ஊசித்துளை வெளிச்சத்தையும் சவரக்கத்தி விளிம்பையும் வைத்துச் சோதித்த ஓர் இரவில், ஆடியின் நடுவே இல்லாத மேடொன்று எழுந்து நின்றது கண்டு திடுக்கிட்டேன். சற்று முன் அங்கே நான் விரல் வைத்திருந்தேன். அந்த வெம்மையால் கண்ணாடி அவ்வளவு வீங்கிவிட்டது. கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். மேடு மெல்ல அடங்கியது.

என் வினாவுக்கு விடை அன்றிரவு கிடைத்தது என்றே கருதுகிறேன். கேட்பதா, கேளாதிருப்பதா என்பது வழிபாட்டின் உரைகல் அன்று. காணும் பொருளின்மேல் நம் வெம்மையை ஏற்றாமல், அது தானாக இருக்கும்வண்ணம் விட்டுக் காண முடிகிறதா என்பதே உரைகல். பலனை எண்ணாத கருமத்தை நிஷ்காமியம் என்றார்கள் பெரியோர். பலனை எண்ணாத பார்வையும் அதன்பாற்பட்டதே. திருகோணமலைக்காரர் செய்தது வழிபாடுதான் என்று நான் துணிந்து சொல்லுவேன்.

அதை வரிசையில் நிற்கும் எளிய ஜனங்கள் அறியாதவர்கள் என்று எண்ணிவிடலாகாது. வீட்டு விஷயம் ஒன்றைக் குருவிடம் முறையிட வேண்டுமென்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே என் தாயார் ஒருமுறை என்னோடு குருவித்துறைக்கு வந்தார். திரை விலகித் தீபாராதனை ஆயிற்று, கைகூப்பி நின்றார். திரும்புகையில் பேருந்தில் வெகுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, சோழவந்தான் வந்தபோதுதான் மெல்லச் சொன்னார்: “அங்க போயி நின்னதும், கேக்க வந்ததே மறந்துபோச்சுப்பா.”