கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது?

2004இல் பொறியியல் கலந்தாய்வுக்காக அப்பாவோடு இரவுப் பேருந்தில் சென்னைக்கு வந்தேன். கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகம் முழுக்கப் பையும் கோப்புமாகக் குடும்பங்கள். எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மீதம் என்று திரையில் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் இருக்கும் கல்லூரிதான் என்று அப்பா பேருந்திலேயே முடிவுசெய்திருந்தார். நானும் தலையாட்டியிருந்தேன்.

உள்ளே கணினி முன் அமர்ந்திருந்த பெண்மணி அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, “உனக்கு எது வேணும்மா?” என்று கேட்டார். பதினேழு வயதுவரை என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. விடுதியில் தங்கிப் படிக்கவேண்டிய வேறொரு கல்லூரியின் பெயரைச் சொல்லிவிட்டேன். அத்தனை பேர் நடுவில் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும் வழியில் திண்டிவனம் வரைக்கும் என்னோடு பேசவும் இல்லை.

2018இலிருந்து அந்தக் கலந்தாய்வு இணையத்துக்கு மாறிவிட்டது. அதனால் கிடைத்த நன்மையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பேருந்துக் கட்டணம், தங்கும் செலவு, இரண்டு நாள் கூலி எல்லாம் மிச்சம். “மெட்ராஸுக்கு இவளை யாரு கூட்டிட்டுப் போறது?” என்ற ஒரே கேள்வியால் படிப்பை இழந்த பெண்களை எனக்குத் தெரியும். அந்தக் கேள்வி இப்போது இல்லை. கல்லூரி வாசல் வீட்டுக்கே வந்துவிட்டது.

ஆனால் வீடு யாருடையது?

இப்போது நான் ஒரு கல்லூரியில் கற்பிக்கிறேன். முதலாமாண்டு மாணவி ஒருத்தியிடம் இந்தப் பிரிவை ஏன் எடுத்தாய் என்று கேட்டேன். “அண்ணன் போட்டான் மிஸ்” என்றாள். விண்ணப்பத்தில் இருந்தது அண்ணனின் கைப்பேசி எண். ஓடிபி அவனுக்குத்தான் வந்தது. கடவுச்சொல்லும் அவனிடமே. விருப்பப் பட்டியலில் எந்தக் கல்லூரி முதலில், எது அடுத்து என்ற வரிசைதான் ஒரு பெண்ணின் நான்கு ஆண்டுகளைத் தீர்மானிக்கிறது. அந்த வரிசையை அவள் பார்த்ததுகூட இல்லை. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஏற்றுக்கொள்கிறேன் என்று அழுத்தியதும் அவன் விரல்தான்.

அவன் கெட்டவனில்லை. தங்கைக்காக இரவெல்லாம் கண்விழித்து, பழைய கட்-ஆஃப்களை அலசிப் பட்டியல் போட்டிருக்கிறான். சிக்கலே அதில்தான். ஏமாற்றிப் பறித்தால் அதைத் திருட்டு என்போம். பாசத்தோடு எடுத்துக்கொண்டால் என்னவென்று சொல்வது? கடவுச்சொல் சரியா என்பது மட்டுமே கணினிக்குத் தெரியும். அதன் கணக்கில் இவள் முழுச் சம்மதத்தோடு சேர்ந்த மாணவி.

அன்றைக்கும் அப்பாக்கள்தானே முடிவெடுத்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். அந்தக் கூடத்தில் பெரும்பாலான பெண்கள் அப்பா சொன்னதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் குடும்பத்தைச் சேராத ஒருவர், பொது இடத்தில், அவள் முகத்தைப் பார்த்துக் கேட்கும் ஒரு நிமிடம் அந்த முறைக்குள் இருந்தது. பெண்களுக்காக யாரும் அதைத் திட்டமிட்டு வைக்கவில்லை. அதனால்தான் அது போனபோதும் யாருக்கும் தெரியவில்லை. சம்மதம் என்பது ஆம் என்று சொல்வது மட்டுமில்லை. வேறொன்றைச் சொல்ல இடமிருந்து, அப்போதும் ஆம் என்பதுதான் சம்மதம்.

சேர்க்கை ஒரு வாசல் என்றால், வெளியே போகும் வாசலும் மாறிக்கொண்டிருக்கிறது. 2021இல் பல்கலைக்கழக மானியக் குழு கல்விக் கிரெடிட் வங்கியைக் கொண்டுவந்தது. படித்த பாடங்களின் கிரெடிட்டுகள் மாணவரின் இணையக் கணக்கில் சேரும். வேறு கல்லூரிக்கு மாறினாலும், படிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பினாலும் அவற்றைப் பயன்படுத்தலாம். ஸ்வயம் தளத்தின் பாடங்களை 40 சதவீதம் வரை ஏற்கவும் அதே ஆண்டு விதி வந்தது. தேசியக் கல்விக் கொள்கையின்படி ஓராண்டோடு நின்றால் சான்றிதழ், இரண்டாண்டில் பட்டயம், மூன்றாண்டில் பட்டம்.

இதைப் படித்தபோது அக்காவைத்தான் நினைத்தேன். 1996இல் கல்யாணத்துக்காக பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டோடு நின்றவள். இரண்டாவது குழந்தையும் பள்ளிக்குப் போகத் தொடங்கியபின், ஒன்பது ஆண்டு கழித்து, மதிப்பெண் பட்டியல்களை எடுத்துக்கொண்டு ஒரு கல்லூரிக்குப் போனாள். “அந்த சிலபஸே இப்ப இல்லையேம்மா, முதல் வருஷத்துல இருந்து சேருங்க” என்றார்கள். அவள் சேரவில்லை. இப்படியொரு வங்கி அன்று இருந்திருந்தால் என்று தோன்றியது. பிறகு விதியைப் பார்த்தேன். கிரெடிட்டுகள் செல்லுபடியாவது அதிகபட்சம் 7 ஆண்டுகள். வேலை மாறுகிறவருக்கும் ஊர் மாறுகிறவருக்கும் ஏழு ஆண்டு தாராளம். இரண்டு பிள்ளை பெற்று வளர்த்தவளுக்குப் போதாது. அந்த ஏழை யாருடைய வாழ்க்கையை வைத்து அளந்தார்கள்?

அளவு என்றதும் இன்னொரு கணக்கு. தேசியக் கிரெடிட் கட்டமைப்பில் 30 மணி நேரக் கற்றல் ஒரு கிரெடிட். 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புப்படி, வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளுக்கு 299 நிமிடம். ஆண்கள் 97. அதாவது ஆறு நாள் சமையலும் துவையலும் ஒரு கிரெடிட்டின் நேரத்தைத் தின்றுவிடுகின்றன. எங்கிருந்தும் எப்போதும் படிக்கலாம் என்கிறது இணையம். அந்த ‘எப்போது’ அவளிடம் இல்லையே.

இதைவிட எனக்கு அச்சம் தருவது வேறு. பாதிப் படிப்பில் வரன் வரும்போது எங்கள் மாணவிகளிடம் இருக்கும் ஒரே ஆயுதம், “இன்னும் ஒரு வருஷம்தான், முடிச்சிடறேனே” என்பது. படிப்பைப் பாதியில் விட்டால் கையில் ஒன்றுமே இருக்காது என்பதற்காகவே பல அப்பாக்கள் பொறுத்திருக்கிறார்கள். இனி, “அதான் டிப்ளமோ கிடைச்சிடுச்சே, மிச்சத்தை அங்கே போய்ப் படிச்சுக்கோ” என்று சொல்லிவிடலாம். தானாக வெளியேறுகிறவளுக்கு அந்தச் சான்றிதழ் மரியாதை. வெளியேற்றப்படுகிறவளுக்கு அது வழியனுப்பும் தாம்பூலப் பை. இரண்டும் கணினியில் ஒரே பதிவாகத்தான் இருக்கும்.

இணையம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரவுப் பேருந்துக் காலத்துக்குத் திரும்பவும் விரும்பவில்லை. ஆனால் விண்ணப்பத்தில் மாணவியின் சொந்த எண் இருக்கவேண்டும். விருப்பப் பட்டியலைப் பூட்டும் முன், பள்ளியிலோ உதவி மையத்திலோ அவளிடம் தனியாக ஒருவர் பேசவேண்டும். பிள்ளைப்பேற்றுக்கும் பராமரிப்புக்கும் போன ஆண்டுகளை அந்த ஏழிலிருந்து கழிக்கவேண்டும். இவற்றுக்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.

ஒவ்வொரு மே மாதமும் எங்கள் தெருவின் பிளஸ் டூ பெண்கள் என் வீட்டுக்கு வருவார்கள். மடிக்கணினியைத் திறக்கும் முன் ஒவ்வொருத்தியிடமும் கேட்பேன், “உனக்கு எது வேணும்மா?” பெரும்பாலும் உடனே பதில் வராது. காத்திருப்பேன்.