தட்ட முடியாத அடி

என் தங்கையின் மகனுக்கு இருபத்திரண்டு வயது. புத்தளத்தில் பிறந்து, ஏழாவது வயதில் பெற்றோருடன் யாழ்ப்பாணம் சோனகதெருவுக்கு வந்து சேர்ந்தவன். சென்ற நோன்புப் பெருநாள் விடுமுறையில் தன் கணினியோடு என் வீட்டுக்கு வந்திருந்தான். இரவு முழுவதும் ஒரே விளையாட்டு. திரையில் அவனுடைய ஆள் வெட்டுப்பட்டு விழுவதும், மறுபடி எழுந்து அதே எதிரியிடம் போவதும், மறுபடி விழுவதுமாக இருந்தது. பார்த்துக் கொண்டிருந்த எனக்கே களைத்துவிட்டது.

"ஏன்டா மகன் இந்த வதை?" என்று கேட்டேன்.

"இதில ஓடினவன் வெல்லமாட்டான் மாமா. நிண்டு தட்டினவன்தான் வெல்லுவான்" என்றான். பிறகு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்: "தொண்ணூறில நீங்களும் ஆரும் நிண்டு பார்க்கேல்லத்தானே. பேசாமல் வெளிக்கிட்டுப் போனனீங்கள்."

அவன் குத்திக்காட்டிப் பேசவில்லை. மனதிற் பட்டதைச் சொன்னான். என் தங்கை அடுக்களையில் இருந்தாள். அவளுக்குக் கேட்டதோ தெரியாது. மறுநாள் காலையில் அவனாகவே, "நீங்களும் ஒருக்கா விளையாடிப் பாருங்கோ மாமா" என்றான். ஐம்பத்தைந்து வயதில் எனக்கென்ன கணினி விளையாட்டு என்று சிரித்து ஒதுக்கியிருக்கலாம். முதல்நாள் இரவு அவன் சொன்னது அப்படி ஒதுக்க விடவில்லை. விளையாடுவதா, வேண்டாமா என்பது எனக்கு உண்மையான ஒரு கேள்வியாகிவிட்டது.

விளையாட்டின் பெயர் செகிரோ. ஜப்பானிலுள்ள ஃப்ரொம் சொஃப்ட்வெயார் நிறுவனத்தில் ஹிடெடாகா மியாசாகி என்பவர் இயக்கியது. 2019 மார்ச் 22ஆம் திகதி வெளிவந்து, அந்த டிசம்பரில் கேம் அவோர்ட்ஸ் விழாவில் ஆண்டின் சிறந்த விளையாட்டென்று பரிசு பெற்றது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதி, ஜப்பான் முழுவதும் போர். ஒரு கையை இழந்த மறைபோர் வீரன் ஒருவன் தன் இளம் எஜமானைக் காப்பாற்றப் போராடுகிறான். கதை அவ்வளவுதான். விளையாட்டின் உயிர் வாளைத் தட்டுவதில் இருக்கிறது. எதிரியின் வாள் வந்து படும் கணத்திலேயே நம் வாளால் அதைத் தட்ட வேண்டும். ஒவ்வொருவருக்கும் உயிரின் அளவு ஒன்றும், நிலைகொள்ளும் வலுவின் அளவு ஒன்றும் உண்டு. சரியாகத் தட்டத் தட்ட எதிரியின் நிலை குலைகிறது. முற்றாகக் குலைந்ததும் ஒரே வெட்டு. சிலம்படி அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. கிழக்கிலங்கையில் நம்மவர்களிடையே சீனடியும் சிலம்படியும் கற்பித்த அண்ணாவிமார், அடிப்பதோடு அடியை வாங்காதிருக்கவும் பழக்கினார்கள்.

இலகு, நடுத்தரம், கடினம் என்று தெரிவு செய்யும் வசதி இதில் இல்லை. எல்லோருக்கும் ஒரே கடினம். விரல் இயலாதவர்களையும் நேரமில்லாதவர்களையும் இது வாசலிலேயே நிறுத்திவிடுகிறதே என்று 2019இல் பெரிய வாதம் நடந்தது. வென்றவர்கள் பலர், கஷ்டம்தான் இதன் மதிப்பு என்றார்கள். என் மருமகனும் அந்தக் கட்சி.

எனக்கு மூன்று தயக்கங்கள் இருந்தன.

முதலாவது, நேரம். ஆரோக்கியமும் ஓய்வும் மனிதர் பலர் நட்டப்பட்டுப் போகும் இரண்டு அருட்கொடைகள் என்ற கருத்தில் வரும் ஹதீஸை சிறு வயதிலிருந்தே கேட்டு வருகிறோம். உலக வாழ்வையே விளையாட்டும் வீணும் என்று அல்குர்ஆன் பல இடங்களில் சொல்கிறது. ஆனால், பெருநாளன்று அபிசீனியர்கள் மஸ்ஜிதுன் நபவியில் ஈட்டி விளையாடியதையும், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதைப் பார்த்து அலுக்கும்வரை நபி (ஸல்) அவர்கள் துணை நின்றதையும் புகாரியிலும் முஸ்லிமிலும் பார்க்கிறோம். ஓதி முடித்த பிள்ளையை விளையாட விடாமல் தடுத்தால் அதன் உள்ளம் செத்துவிடும் என்ற கருத்தை இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா'வில் எழுதியிருக்கிறார். ஆகவே விளையாட்டு என்பதற்காகவே அதைத் தள்ள முடியாது. தொழுகை நேரத்தையும் கடமையையும் அது தின்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, சிலை. இந்த விளையாட்டில் இளைப்பாறும் இடங்களெல்லாம் மரத்திற் செதுக்கிய புத்தர் சிலைகள். வீரன் அவற்றின் முன் அமர்ந்துதான் பலம் பெறுகிறான். விழுந்தால் அங்கிருந்துதான் மறுபடி எழுகிறான். என் விரல் அழுத்த, திரையில் ஒருவன் சிலைக்கு முன் அமர்வது என் மனதுக்குச் சங்கடமாக இருந்தது. எனக்குப் பழக்கமான மௌலவி ஒருவர், சந்தேகமானதை விட்டுவிடுவதே நல்லது என்றார். இன்னொருவர், கதையில் ஒரு பாத்திரம் செய்வதை வாசிப்பவன் செய்ததாகாது, நிய்யத்தைப் பாருங்கள் என்றார். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. நான் இரண்டாவதின் பக்கம் சாய்ந்தேன். சங்கடம் தீராதவர் விட்டுவிட்டால் அவரைக் கேலி செய்ய எவருக்கும் உரிமையில்லை.

மூன்றாவது தயக்கத்தைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. இந்த விளையாட்டு வெளிவந்து ஒரு மாதத்தில், 2019 ஏப்ரல் 21இல், உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள் நடந்தன. அதன் பிறகு முஸ்லிம் வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் தேடுதல் நடந்தது. அகப்பட்ட வாள்களைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின. மே மாதம் ஹசலக்கவில், கப்பற் சுக்கான் படம் போட்ட உடுப்பு அணிந்த முஸ்லிம் பெண் ஒருவர், அது தர்மச்சக்கரம் என்று சொல்லிக் கைது செய்யப்பட்டார். அந்த நாட்களை அனுபவித்தவனுக்கு, முஸ்லிம் வீட்டு முன்னறையில் திரை நிறைய வாளும் புத்தர் சிலையும் இருந்தால் கை தானாக யன்னலைச் சாத்தும். நானும் சாத்தினேன். சாத்திவிட்டு யோசித்தேன். இது மார்க்கப் பேணுதலா, பயமா? பயம்தான். பயப்படக் காரணம் இருந்தது. ஆனாலும் பயத்துக்குப் பேணுதல் என்று பெயர் சூட்டுவது நேர்மையல்ல. மூன்றாவது தயக்கத்தை அத்தோடு விட்டேன்.

எஞ்சியது, ஏன் விளையாட வேண்டும் என்ற கேள்வி. அதற்கு என்னிடம் ஒரேயொரு பதில் இருந்தது. நின்று தட்டினவன்தான் வெல்லுவான் என்ற பாடத்தை இவன் எங்கே படித்தானோ, அந்தப் பள்ளிக்கூடத்தை நானும் பார்க்காமல் அவனுக்குப் பதில் சொல்ல முடியாது.

பத்து நாட்கள், இஷாவுக்குப் பிறகு அரை மணித்தியாலம் விளையாடினேன். அவன் பக்கத்தில் இருந்தான். முதற் பாடம் பதறக்கூடாது என்பது. பயந்து பொத்தானை அடுத்தடுத்து அழுத்தினால் தட்டுவதற்கான கணம் இன்னும் சுருங்கிப் போகிறது. எதிரியின் கையைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். இது நல்ல பாடம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அறுபது தடவையாவது விழுந்திருப்பேன். கடைசியில், முன்பு என்னைக் கொன்ற ஒருவனின் அடிகளைத் தொடர்ந்து தட்டி முடித்தபோது, சின்னப் பிள்ளையைப் போல மகிழ்ந்தேன்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, சங்கிலியால் பிணைத்து வைக்கப்பட்டிருந்த ஓர் அரக்கன் வந்தான். அவன் பாய்ந்து வரும்போது திரையில் சிவப்பு நிறத்தில் ஒரு ஜப்பானிய எழுத்துத் தோன்றியது. நான் தட்டினேன். என்னைத் தூக்கி நிலத்தில் அறைந்தான். மறுபடியும் தட்டினேன். மறுபடியும் அறைந்தான்.

"அந்த எழுத்து என்ன?" என்று கேட்டேன்.

"ஆபத்து எண்டு அர்த்தம் மாமா. அது வந்தால் வாளால மறிச்சு வேலையில்ல. குத்தெண்டால் ஒரு மாதிரி, காலை வாரினால் பாய வேணும், இவன்ர பிடியெண்டால் தட்டவே ஏலாது. விலகித்தான் ஆக வேணும்."

"விலகினால் தோல்வியில்லையா?"

"அதெப்பிடித் தோல்வியாகும், அதுவும் ஆட்டந்தானே..." என்று சொல்லி வந்தவன் நிறுத்திவிட்டான். நான் எங்கே வருகிறேன் என்று விளங்கியிருக்க வேண்டும். "மாமா, இது விளையாட்டு" என்றான்.

"அண்டைக்கு இரவு நீ அப்பிடிச் சொல்லேல்லையே."

அதன் பிறகு கணினியை மூடிவிட்டுப் பேசினோம். 1990 ஒக்டோபர் 30. காலையில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது, எல்லோரும் ஜின்னா மைதானத்துக்கு வரும்படி. விடுதலைப் புலிகளின் உத்தரவு, யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணித்தியாலங்களுக்குள் வெளியேற வேண்டும் என்பது. சொத்துகளையும் நகைகளையும் விட்டுச் செல்ல வேண்டியிருந்தது. அந்த மாதத்தில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் விரட்டப்பட்டார்கள். மூன்று மாதங்களுக்கு முன்புதான், ஓகஸ்ட் 3ஆம் திகதி, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். மைதானத்தில் நின்ற ஒவ்வொருவருக்கும் அது தெரியும். எனக்கு இருபது வயது. என் கையில் தங்கையின் கை இருந்தது. அவளுக்கு ஒன்பது வயது. இன்று அவள் இவனுடைய உம்மா.

செகிரோவில் ஒரு விதி உண்டு. வீரன் திரும்பத் திரும்பச் செத்து எழுந்தால், அவனைச் சூழ இருக்கும் அப்பாவிகளை இருமல் நோயொன்று பிடித்துக்கொள்கிறது. இவன் எழுவதற்கான விலையை அவர்கள் கொடுக்கிறார்கள். ஆட்டத்தின் வசதிக்காக வைத்த விதியாகவும் இருக்கலாம். எனக்கு அது மிகவும் உண்மையாகப் பட்டது. அன்று நான் நின்று தட்டியிருந்தால் விலை கொடுத்திருக்கக் கூடியவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பிழைத்ததால்தான் எனக்கு இந்தக் கேள்வியைக் கேட்க இவன் இருக்கிறான்.

நபி (ஸல்) அவர்கள் 622இல் மக்காவை விட்டுப் போனதைத் தோல்வி என்று நாம் சொல்வதில்லை. நம்முடைய ஆண்டுக் கணக்கே அதிலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் இந்த ஒப்பீட்டை அளவோடு நிறுத்த வேண்டும். ஹிஜ்ரத் இறை அனுமதியோடு மேற்கொண்ட பயணம். எங்களுக்கு நடந்தது வெளியேற்றம். அதைப் புனிதமாக்கினால் செய்தவர்களின் குற்றம் மறைந்துவிடும். விலகிப் போவது கோழைத்தனமாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு மட்டுமே ஹிஜ்ரத்தை நினைவூட்டினேன்.

மருமகன் சொல்லித்தான் இன்னொன்றும் தெரிந்தது. இந்தக் கதையில் வீரனுக்குத் தந்தை சொல்தான் முதற் சட்டம். ஒரு கட்டத்தில் வளர்ப்புத் தந்தை வந்து, எஜமானாகிய அந்தச் சிறுவனைக் கைவிடும்படி கட்டளையிடுகிறான். கீழ்ப்படிந்தால் வீரன் கொலைவெறி பிடித்தவனாக முடிகிறான். மறுத்தால்தான் கதை தொடர்கிறது. அன்று மைதானத்தில் துப்பாக்கியோடு நின்றவர்களிற் பலர் என் வயதுப் பொடியன்மார்தான். சிலர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்று எங்களைக் கேட்கிற கேள்வி, ஏன் கீழ்ப்படிந்தீர்கள் என்று அவர்களிடம் போயிருக்க வேண்டிய கேள்வி. பாதிக்கப்பட்டவனிடம் வீரத்தைத் தேடும்போது, செய்தவனிடம் மனச்சாட்சியைத் தேட மறந்துவிடுகிறோம்.

அப்படியானால் செகிரோ பொய் சொல்கிறதா? அதன் எல்லைக்குள் இல்லை. அங்கே எதிரி ஒவ்வொரு முறையும் அதே அடிகளோடுதான் வருகிறான். விதிகள் மாறுவதில்லை. பழகினால் வெல்லலாம். பொய், அந்த எல்லையைத் தாண்டி அதை வெளியே கொண்டுவரும்போது பிறக்கிறது. வெளியே இரண்டாம் தடவை இல்லை. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகும், 2009க்குப் பிறகும் திரும்பி வந்தவர்களில் எத்தனையோ பேர் கண்டது கூரையில்லாத சுவர்களைத்தான்.

இதை நோன்பை வைத்து மருமகனுக்குச் சொன்னேன். நோன்பாளியும் பசித்திருக்கிறான், பட்டினி கிடப்பவனும் பசித்திருக்கிறான். நோன்பின் பசி விரும்பி ஏற்றது. மக்ரிபுக்கு முடியும் என்று தெரிந்தது. அதனால்தான் அது இபாதத்தும் பயிற்சியும் ஆகிறது. பட்டினிக்கு மக்ரிப் இல்லை. நோன்பாளி பட்டினிக்காரனைப் பார்த்து, நான் தாங்குகிறேனே, உனக்கு ஏன் முடியவில்லை என்று கேட்டால் அந்த நோன்பு அவனுக்கு ஒன்றையும் கற்பிக்கவில்லை. நாமாகத் தேர்ந்தெடுத்த கஷ்டம், தேர்ந்தெடுக்காத கஷ்டத்தில் இருப்பவன் மீது நமக்கு இரக்கத்தைத் தர வேண்டும். பெருமையைத் தந்தால் அது பழுது.

ஆகவே, கடினமான இந்த வாள் விளையாட்டை விளையாடலாமா என்று கேட்கும் நம் இளைஞர்களுக்கு என் பதில் இதுதான். தொழுகையையும் படிப்பையும் தின்னாத அளவில் விளையாடுங்கள். சங்கடம் தோன்றினால் விட்டுவிடுங்கள். விளையாடி எழுந்த பிறகு, தோற்றவர்களை முன்னைவிட மெத்தனமாகப் பார்க்கிறீர்களா, கனிவாகப் பார்க்கிறீர்களா என்று உங்களையே கேளுங்கள். எந்தத் தீர்ப்பையும்விட அந்த விடை நன்றாக வழிகாட்டும்.

விடுமுறை முடிய முதல்நாள், அஸருக்குப் பிறகு மருமகன் என்னை ஜின்னா மைதானத்துக்குக் கூட்டிப் போகச் சொன்னான். தினமும் கடந்து போகிற இடம்தான். "உம்மா அண்டைக்கு எந்தப் பக்கத்தில நிண்டவ?" என்று கேட்டான். காட்டினேன். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பினோம். வழியில், அந்த அரக்கனை நான் இன்னும் வெல்லவில்லை என்று நினைவூட்டினான். அது உண்மைதான். ஆனால் இப்போது விலகப் பழகியிருக்கிறேன்.