வாலையும் பன்னீரும்

 

வீட்டில் வாலை வைத்துப் பன்னீர் இறக்கலாமா என்று நம்மிடம் பலர் கேட்கிறார்கள். கேட்பவர்களில் இரு சாரார் உண்டு. ஒரு சாரார், "வாலை என்றாலே சாராயம் காய்ச்சும் கருவியாயிற்றே! முஸ்லிம் வீட்டுக்குள் அது நுழையலாமா?" என்று அஞ்சுகிறவர்கள். மற்றொரு சாரார் வாலிபப் பிள்ளைகள். "கருவி ஆகுமானது என்றால், அதில் கொஞ்சம் பழரசத்தைப் புளிக்க வைத்து இறக்கிப் பார்த்தால் என்ன? நாங்கள் குடிக்கவா போகிறோம்? கைத்தொழிலாகக் கற்றுக்கொள்கிறோம்" என்கிறவர்கள். முன்னவர்களின் அச்சம் நல்ல அச்சம்தான்; ஆனால் அளவு கடந்தது. பின்னவர்களின் துணிச்சல்தான் நம்மைக் கவலைகொள்ள வைக்கிறது.

இரு சாராருக்கும் பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்விலேயே விடை இருக்கிறது. அப்துல் கைஸ் கூட்டத்தார் மதீனாவுக்கு வந்தபோது, நான்கு வகைப் பாத்திரங்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். சுரைக் குடுவை, மெருகிட்ட மண்ஜாடி, குடைந்தெடுத்த பேரீச்ச மரத்தூர், கீல் பூசிய பாத்திரம் ஆகியவையே அவை. இவற்றில் ஊற வைத்த பழநீர் விரைவில் புளித்துப் போதையேறிவிடும். குடிப்பவனுக்கு அது தெரியாமலும் போகலாம் என்று உலமாக்கள் இதற்குக் காரணம் கூறுகின்றனர். பின்னர் மக்களின் உள்ளத்தில் மதுவின் மீது வெறுப்பு ஊன்றிய பிறகு, எந்தப் பாத்திரத்திலும் குடிக்கலாம், போதை தருவதை மட்டும் குடிக்கக் கூடாது என்று அனுமதி வந்தது. இது புரைதா (ரலி) அவர்களின் அறிவிப்பாக முஸ்லிம் கிரந்தத்தில் பதிவாகியிருக்கிறது.

ஆகவே பாத்திரத்தின் மீது பாவம் இல்லை. அதில் ஊறுவது என்ன, அதிலிருந்து இறங்குவது என்ன என்பதைப் பொறுத்தே சட்டம் அமைகிறது.

வாலை என்ற இந்தக் கருவிக்கும் நம் முன்னோருக்கும் நெருங்கிய உறவு உண்டு. சுமார் 873ஆம் ஆண்டில் மறைந்த பக்தாதின் பேரறிஞர் அல்கிந்தி, நறுமணப் பொருள்களையும் அவற்றை வடித்தெடுக்கும் முறைகளையும் பற்றித் தனி நூலே எழுதினார். அதில் நூற்றுக்கு மேற்பட்ட செய்முறைகள் உள்ளன. பன்னீரைக் கண்டுபிடித்தவர் இப்னு ஸீனாதான் என்று நம் மேடைகளில் முழங்குகிறோம்; அவரோ அல்கிந்திக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிந்தியவர். வாலையைக் குறிக்கும் 'அன்பீக்' என்ற அரபுச் சொல்லும் கிரேக்கத்திலிருந்து வந்ததே. நம்முடையதல்லாததை நம்முடையதென்று சொல்லிப் பெருமை தேட வேண்டாம். இன்னொன்றையும் கேளுங்கள். கண்ணுக்கு இடும் சுர்மாவின் அரபுப் பெயரான 'அல்குஹ்ல்' என்பதிலிருந்துதான் 'ஆல்கஹால்' என்ற சொல் பிறந்தது. நுண்ணிய பொடிக்கு வழங்கிய பெயரை ஐரோப்பியர் பிற்காலத்தில் வடித்தெடுத்த சாரத்துக்கு வைத்து, கடைசியில் மதுவின் சாரத்துக்கே அதை உரிமையாக்கிவிட்டனர். சொல்லின் மீதும் பாவம் இல்லை!

இனிச் செய்முறைக்கு வருவோம். முதலில் விளங்க வேண்டியது, வாலை போதையை உண்டாக்குவதில்லை என்பது. போதையை உண்டாக்குவது புளிப்பு. பழச்சாறும் வெல்லநீரும் நாள்கணக்கில் கிடந்து நுரைத்துப் பொங்கும்போது அதில் மது உருவாகிறது. வாலை அதைத் திரட்டிக் கொடுக்கிறது, அவ்வளவே. காலையில் பறித்த இதழை அன்றைக்கே இறக்கினால் அதில் மதுவுக்கு இடமில்லை. இதற்கும் சுன்னத்தில் அளவுகோல் உண்டு. நாயகம் (ஸல்) அவர்களுக்காகப் பழங்களை நீரில் ஊற வைப்பார்கள். அதை மூன்றாம் நாள் வரை அருந்துவார்கள். அதற்கு மேல் எஞ்சியதைப் பிறருக்குக் கொடுத்துவிடச் சொல்வார்கள், அல்லது கொட்டிவிடச் சொல்வார்கள். இது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு. நம் நாட்டு வெயிலில் மூன்று நாள் கூட அதிகம். இதழை இரவு முழுவதும் ஊறப்போட வேண்டிய தேவையே இல்லை.

புதிதாகத் தொடங்குபவருக்குச் செம்பு வாலை வேண்டாம். அடி கனத்த அகலமான பாத்திரமும், குமிழ்ந்த மூடியும் போதும். பாத்திரத்தின் நடுவே சுத்தமான கல் ஒன்றை வைத்து, அதன்மேல் கிண்ணம் வையுங்கள். கல்லைச் சுற்றி கால் கிலோ பன்னீர் ரோஜா இதழைப் பரப்பி, கல்லின் உயரத்தைத் தாண்டாமல் தண்ணீர் ஊற்றுங்கள். மூடியைக் கவிழ்த்து, அதன் பிடி கிண்ணத்தை நோக்கித் தொங்கும்படி வைத்து, மூடியின் குழியில் ஐஸ் கட்டிகளை நிரப்புங்கள். தீ தணிவாகவே எரியட்டும். எழும் ஆவி குளிர்ந்த மூடியில் பட்டு நீராகி, பிடியின் வழியே கிண்ணத்தில் சொட்டும். முக்கால் மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு டம்ளர் சேரும். மணம் குறைந்ததும் நிறுத்திவிடுங்கள். பேராசையால் மேலும் இறக்கினால் வெந்த இலையின் வாடைதான் வரும். அத்தரும் மிதந்து வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரு கிலோ ரோஜா அத்தருக்கு 3,000 கிலோவுக்கு மேல் இதழ் வேண்டும்.

கடையில் மாலைக்கு விற்கும் பூ ஆகாது. அதில் பூச்சிமருந்து இருக்கும். வீட்டுத் தொட்டியில் மருந்தடிக்காமல் வளர்ந்த பூவே மேல். இறக்கிய நீரை, கொதிநீரில் கழுவிய கண்ணாடிப் புட்டியில் ஊற்றிக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். பிரஷர் குக்கரில் குழாய் செருகிச் செய்யும் வழியைச் சிலர் சொல்கிறார்கள்; அது வேண்டாம். இதழ் போய்க் குழாயை அடைத்தால் பாத்திரம் வெடிக்கும். அடுப்படியில் பிள்ளைகள் நடமாடும் வீடு நம் வீடு.

இப்போது வாலிபப் பிள்ளைகளின் பக்கம் திரும்புவோம். "நான் குடிப்பதில்லை, செய்து பார்க்கிறேன்" என்கிறாயே மகனே! மதுவின் விஷயத்தில் பத்துப் பேர் சாபத்துக்குரியவர்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் வழியாக வரும் ஹதீஸ் திர்மிதியில் இருக்கிறது. அந்தப் பத்துப் பேரில் குடிப்பவன் ஒருவனே. பிழிபவன், பிழியச் சொன்னவன், சுமப்பவன், யாருக்காகச் சுமக்கப்படுகிறதோ அவன், ஊற்றிக் கொடுப்பவன், விற்பவன், அந்தக் காசை உண்பவன், வாங்குபவன், யாருக்காக வாங்கப்படுகிறதோ அவன் என்று மற்ற ஒன்பது பேரும் ஒரு சொட்டும் நாவில் படாமலே அந்தப் பட்டியலில் சேர்ந்துவிடுகிறார்கள். பட்டியலின் தலைப்பில் நிற்பவன் பிழிபவன். அதாவது 'செய்து பார்ப்பவன்'!

வளைகுடாவில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் இதையும் அறிந்திருக்க வேண்டும். மதுக்கடை இல்லாத சவூதி நகரங்களிலும், குடியிருப்பின் மூடிய அறைக்குள் சர்க்கரையையும் ஈஸ்டையும் புளிக்க வைத்துத் திருட்டுத்தனமாக இறக்கும் வெளிநாட்டவர் உண்டு. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஸதீக்கி'. 'என் நண்பன்' என்று பொருள். மதுவை வேறு பெயரிட்டுக் குடிக்கும் கூட்டம் இந்தச் சமுதாயத்தில் தோன்றும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் முன்னறிவித்ததை நினைத்துப் பாருங்கள். ஓர் அறையில் ஆறு பேர் தங்கும் இடத்தில், நம் பிள்ளை குடிக்காதவனாக இருந்தாலும், "வாடகையைக் குறைத்துக் கொள்கிறோம், மூலையில் ஒரு டிரம் இருக்கட்டும்" என்று கேட்பார்கள். அங்கேதான் அந்த ஒன்பது பேரின் நினைவு வேண்டும். மகன் ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது சம்பளத்தைக் கேட்கும் தகப்பனார், அறையில் உடன் இருப்பவர்களைப் பற்றியும் கேட்கட்டும்.

திருட்டுச் சாராயத்தால் உடலுக்கு வரும் கேட்டை நீட்டிச் சொல்லத் தேவையில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மெத்தனால் உடலுக்குள் போய் அமிலமாக மாறிக் கண்ணின் நரம்பைக் கெடுக்கிறது. அனுமதியின்றிச் சாராயம் காய்ச்சுவது தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றமுமாகும். ஆனால் சட்டமும் நஞ்சும் இல்லாவிட்டாலும் நமக்கு ஹராம் ஹராமே.

"அறியாமல் பழரசம் புளித்துவிட்டது, வினிகராக்கிக் கொள்ளலாமா?" என்றும் கேட்கிறார்கள். அநாதைகளுக்கு வாரிசாக வந்த மதுவைப் பற்றி அபூதல்ஹா (ரலி) அவர்கள் இதே கேள்வியைக் கேட்டார்கள். வினிகராக்க அனுமதி கிடைக்கவில்லை. கொட்டிவிடுமாறே உத்தரவு வந்தது. தானாக வினிகராகிவிட்டால் அது சுத்தமானது. எதையேனும் போட்டு மாற்றினால் ஷாஃபிஈ மத்ஹபில் சுத்தமாகாது, ஹனஃபி மத்ஹபில் சுத்தமாகும். அவரவர் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டு நடந்துகொள்க.

பன்னீர் இறக்கும் வீட்டாருக்கு இன்னும் சில மஸ்அலாக்கள். கணவரை இழந்து இத்தாவில் இருக்கும் பெண்ணும், இஹ்ராமில் இருப்பவரும் நறுமணம் பூசக் கூடாது. கையில் மணம் ஒட்டும் என்பதால் இந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிடுவதே பேணுதல். பன்னீர் சுத்தமானது, ஆடையில் தெளித்துத் தொழலாம். ஆனால் அதனால் ஒளு செய்தால் ஒளு கூடாது, ஏனெனில் அது வெறும் தண்ணீர் அல்ல. இதழ் போடாமல் வெறும் தண்ணீரை இதே பாத்திரத்தில் காய்ச்சி இறக்கினால், அந்த நீரால் ஒளு கூடும்.